திப்பியில் தட்டு: ஆய்வுக்கூடத்தில் வெந்துவிட்டது, சேலத்து மில்லுக்குள் ஏன் வரவில்லை?

அடிவாரத்தான் | ஞாயிறு, காலை 8.10

எல்லாருக்கும் வணக்கம். வீடு ஏற்காடு அடிவாரம். பொருளறிவியலில் முதுகலை, கடைசி வருடம். ஒன்றரை வருடமாக மரவள்ளி மாவும் திப்பியும் (கிழங்கை அரைத்து மாவுப்பால் எடுத்தபின் தங்கும் சக்கை)தான் என் உலகம்.

செய்வது இரண்டு. ஒன்று தாள். மாவைத் தண்ணீரிலும் கிளிசரினிலும் கரைத்து, கிளறிக்கொண்டே 70 டிகிரி வரை சூடாக்கினால் கூழ் தெளிந்து கண்ணாடி போல ஆகும். ஊற்றிக் காயவைத்தால் மெல்லிய தாளாக உரிந்து வரும். பை செய்யலாம் என்று ஆசை காட்டுவது இதுதான். இரண்டாவது தட்டு. காய்ந்த திப்பியைப் பொடித்து, மாவும் தண்ணீரும் சேர்த்து இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்து, 200 டிகிரி சூட்டில் இருக்கும் இரும்பு அச்சில் ஊற்றி மூடினால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்து வரும். ஐஸ்கிரீம் கோன் சுடுவதும் இப்படித்தான். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவை உப்பவைக்கிறது, திப்பியின் நார் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

போன மாதம் முழுக்க இந்தத் தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஆத்தூர் சாலையில் சேகோ மில்களுக்கு, அதாவது ஜவ்வரிசி மில்களுக்கு, ஏறி இறங்கினேன். அயோத்தியாப்பட்டணத்தில் தொடங்கி வாழப்பாடி தாண்டி ஏழு மில். எல்லா இடத்திலும் டீ கொடுத்தார்கள், தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், "நல்லா இருக்கு தம்பி" என்றார்கள். "எங்க மில்லுல போட்டுப் பார்க்கலாம்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

திப்பி அவர்கள் களத்திலேயே கிடக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல். தேவையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. எங்கே சிக்குகிறது? மில் வைத்திருப்பவர்கள், கிழங்கு போடுகிறவர்கள், கடைக்காரர்கள் யாராவது ஒளிக்காமல் சொல்லுங்கள். கல்லூரியில் கேட்டால் "விழிப்புணர்வு இல்லை" என்கிறார்கள். எனக்கு அது பதிலாகப் படவில்லை.


ரெண்டாம் தலைமுறை | ஞாயிறு, காலை 9.35

நம்ம வீட்டு மில்லுக்கும் நீங்கள் வந்திருக்கலாம். நான் இல்லாத நேரமாக இருந்திருக்கும்.

விழிப்புணர்வு என்ற வார்த்தையை முதலில் கீழே வையுங்கள். மில்லில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். தோண்டின கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்து நரம்போடிவிடும். லாரி வந்து நின்றால் அன்றைக்கே அரைத்தாக வேண்டும். கழுவி, தோல் சீவி, ராஸ்ப்பர் என்கிற பல் வைத்த பொறியில் அரைத்து, சல்லடையில் மாவுப்பாலைப் பிரித்து, தொட்டியில் படியவிட்டு, ஈரமாவை வெட்டி எடுத்து, குலுக்கி உருட்டி, தட்டில் வறுத்து, களத்தில் காயவைத்து... இதில் எந்த இடத்திலும் நிற்க முடியாது. சல்லடையில் தங்குவதுதான் உங்கள் திப்பி. வரும்போது அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் காயவைக்கக் களம் வேண்டும். அதே களத்தில்தான் ஜவ்வரிசியும் காய வேண்டும். வெயில் அடிக்கிற நேரத்தில் களத்தை எதற்குக் கொடுப்பேன்? ஒரு மழை பெய்தால் திப்பி புளித்து நாறும். அன்றைக்கு உங்கள் தட்டுக்கு மூலப்பொருள் இல்லை.

புதுசு என்றால் எங்களுக்கு ஆகாது என்று மட்டும் நினைக்காதீர்கள். சாண எரிவாயு மாதிரி, மில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் இன்றைக்கு எத்தனையோ மில்லில் இருக்கிறது. எங்களிடமும் இருக்கிறது. அது எப்படி உள்ளே வந்தது? திருமணிமுத்தாற்றுப் பக்கம் தண்ணீர் கெட்டதென்று ஊரே கேள்வி கேட்டது, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஒரு பக்கம் நெருக்கியது, வறுவலுக்கு விறகுச் செலவு இன்னொரு பக்கம். கழிவுநீர் எப்படியும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். போகிற வழியில் ஒரு கலனைக் கட்டினோம், வாயு வந்தது, எரித்தோம். மில்லில் ஒரு ஆளின் வேலைகூட மாறவில்லை.

உங்கள் தட்டு எத்தனை பேருடைய வேலையை மாற்றச் சொல்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? காயவைக்க, பொடிக்க, கரைக்க, சுட, அடுக்க, விற்க. அது இன்னொரு மில் தம்பி. நான் ஜவ்வரிசி விற்கிறவன். எங்கள் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் ஏலத்தில் மூட்டை போனால் பணம் வரும் என்று 1981லிருந்து ஒரு பாதை இருக்கிறது. தட்டுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?


கிழங்குக்காடு | ஞாயிறு, மதியம் 1.20

கண்ணு, நான் கெங்கவல்லிப் பக்கம். நாலு ஏக்கர் கிழங்கு, ரெண்டு கறவை மாடு. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்க.

திப்பி களத்துல கிடக்குதுன்னு எழுதியிருக்கே. அது கிடக்கலை, காயுது. காஞ்சதும் மூட்டை கட்டி எங்கள மாதிரி மாடு வெச்சிருக்கறவங்க வாங்கிட்டுப் போறோம். பச்சையாப் போட்டா மாட்டுக்கு ஆகாது, கிழங்குல இருக்கற விஷச்சத்து கொஞ்சம் தங்கியிருக்கும். நல்லா காஞ்சா அது போயிடும். தவிடும் புண்ணாக்கும் விக்கற விலைக்குத் திப்பி இல்லேன்னா எங்க பால் கணக்கு தாங்காது. நீ நாளைக்கு எல்லாத் திப்பியையும் தட்டாக்கிட்டா எங்க மாடு எதைத் திங்கும்? இதையும் உன் ஆய்வுல எழுது.

உன் கேள்விக்கு என் பதில் வேற. மாவுப்பூச்சி வந்த வருசம் நினைவிருக்கா? கிழங்குச் செடி நுனியெல்லாம் கொத்துக் கொத்தா முடிபோட்டுக்கிட்டு நிமிரவே இல்ல. நாங்க அடிக்காத மருந்தில்ல. தாலி தவிர எல்லாம் அடகுல. அப்புறம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல ஒரு குட்டிக் குளவி குடுத்தாங்க. கண்ணுக்கே சரியாத் தெரியாது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வெக்குமாம். நம்ம கையில காசு வாங்கல. "காட்டுல விட்டுட்டு மருந்து மட்டும் அடிக்காதீங்கம்மா" அப்படின்னாங்க.

அந்தக் "மட்டும்" இருக்கே, அதுதான் கண்ணு கஷ்டம். பூச்சி கண்ணு முன்னால மொய்க்குது, கையில ஸ்பிரேயர் இருக்குது, சும்மா இருன்னா எப்படி இருக்கறது? பக்கத்துக் காட்டுக்காரரு அடிச்சுட்டாரு. நான் பத்து நாள் தூங்கல. அப்புறம் பூச்சியெல்லாம் காஞ்சு கூடா நின்னுச்சு. அடுத்த போகம் நுனி நிமிர்ந்துச்சு.

காசே இல்லாத புதுசுக்கும் இவ்வளவு மனசு வேணும்.


கஞ்சிமாவு | ஞாயிறு, மாலை 5.05

நூல் ஆலையில் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடும் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மரவள்ளி மாவு என் கையில் புழங்கிய பொருள்.

முதலில் அம்மா சொன்ன குளவியைப் பற்றி. அனாகைரஸ் லோபெசி என்று பெயர். தென் அமெரிக்காவில் அந்த மாவுப்பூச்சிக்கு இயற்கையான எதிரி. ஆப்பிரிக்காவில் 1970களில் மரவள்ளியை அந்தப் பூச்சி அழித்தபோது, 1981ல் நைஜீரியாவில் இந்தக் குளவியை விட்டார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தியாவில் பூச்சி 2020ல் கேரளத்தில் தென்பட்டு இங்கே பரவியது. பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி வள தேசிய மையம் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்து, தனிமையில் வைத்துச் சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் காட்டுக்குள் விட்டது. ஆய்வு முடிந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகு நம் ஊருக்கு வந்தது. வந்த பின் பரவியது தானே பறக்கும் என்பதால்!

இனி பைக்கு வருகிறேன். தம்பி, தூய மாவில் பை செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இது அவநம்பிக்கை இல்லை, மாவின் குணம். வெந்த மாவின் சங்கிலிகள் ஆற ஆற மறுபடி ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். காலையில் வடித்த சோறு ராத்திரி விறைப்பாக இருப்பது இதனால்தான். இன்றைக்கு வளைகிற தாள் ஒரு மாதத்தில் முறியும். முறியாமல் இருக்கக் கிளிசரினைக் கூட்டினால், கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் பை கையில் ஒட்டும். பாவுக்கஞ்சியிலேயே நாங்கள் இந்தப் பாடு பட்டிருக்கிறோம். தறிக்கூடத்தில் காற்று காய்ந்தால் நூல் உதிரும், ஈரம் மிஞ்சினால் பிசுபிசுக்கும்.

இன்று கடையில் "மரவள்ளிப் பை" என்று வருவதில் பெரும்பாலானவை மாவோடு பிபிஏடி என்ற பாலியெஸ்டர் கலந்தவை. அது பெட்ரோலிய மூலத்திலிருந்து வருவது, ஆனாலும் மக்கும். அப்படிக் கலப்பதில் தப்பில்லை. ஆனால் மக்கும் என்பதற்கான ஐஎஸ்ஓ 17088 சோதனை கிட்டத்தட்ட 58 டிகிரி சூடு நிலைத்திருக்கும் உரக்கூடத்துக்கானது. அங்கே 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். நம் வீட்டுக் குப்பைக்குழியில் அந்தச் சூடு நிலைக்காது. இதை மறைத்து விற்பதுதான் இந்தத் துறைக்கே கெட்ட பெயர்.


செவ்வாய்ப்பேட்டை கடை | ஞாயிறு, இரவு 9.50

ஐயா எழுதியதைப் படித்தபின் எனக்கு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

மளிகைக் கடை, மொத்தமும் சில்லறையும். தடை வந்த புதிதில் ஒருவர் வந்து மரவள்ளிப் பை என்று கட்டுக் கட்டாகக் கொடுத்தார். வெந்நீரில் போட்டுக் கரைத்துக் காட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம்ம ஊர் கிழங்கு, நம்ம ஊர் பை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை வந்த கட்டு வெந்நீரில் கரையவே இல்லை. மூன்றாவது தடவை வந்ததில் முத்திரையும் இல்லை, சான்று எண்ணும் இல்லை. சோதனைக்கு வந்தவர்கள் மொத்தக் கட்டையும் எடுத்துப்போய் அபராதமும் போட்டார்கள். கண்ணுக்கு எல்லாப் பையும் ஒன்று போலத்தான் இருக்கிறது. எது மாவு, எது பாலித்தீன் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பட்டபின் மஞ்சப்பைக்கு மாறிவிட்டேன். துணிப்பை பொய் சொல்லாது.

தட்டைப் பற்றி ஒன்று. பாக்குமட்டைத் தட்டு ஏற்கனவே எல்லாப் பந்தியிலும் வந்துவிட்டது. மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் முடிந்தது. மாவு வேண்டாம், பசை வேண்டாம், ரசம் ஊற்றினாலும் நிற்கும். உங்கள் தட்டில் ரசம் ஊற்றினால் எவ்வளவு நேரம் நிற்கும் தம்பி?


அடிவாரத்தான் | ஞாயிறு, இரவு 10.30

பத்து நிமிடம். அதற்குமேல் நடுவில் இளகிவிடும். தேன்மெழுகு பூசினால் நிற்கிறது, ஆனால் சூடான ரசத்தில் மெழுகு உருகுகிறது. மறைக்க விரும்பவில்லை.

கிழங்குக்காடு அம்மாவுக்கு: மாட்டுத் தீவனம் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை ஒரு வரியில் கடந்துபோய்விட்டேன். "குறைந்த மதிப்புள்ள எச்சம்" என்று என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இன்றைக்கே அடித்துவிட்டேன்.


வடக்குவாசல் | திங்கள், காலை 7.15

இந்த ஆய்வெல்லாம் பட்டம் வாங்கத்தான். கட்டுரை வெளியானதும் தம்பி வேலைக்கு ஓசூர் போய்விடுவார், தட்டு அலமாரிக்குப் போய்விடும். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.


அடிவாரத்தான் | திங்கள், காலை 7.40

நீங்கள் சொல்வது நிறைய பேர் விஷயத்தில் நடந்திருக்கிறது, மறுக்க முடியாது. எனக்கு முன்னால் இருந்த சீனியர் செய்த மாதிரிகள் எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. அதைப் பார்த்ததால்தான் மில் ஏறி இறங்கினேன், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.


ஏற்காடு நாற்றங்கால் | திங்கள், மாலை 6.30

மேலே நாகலூர்ப் பக்கம் காப்பி, மிளகு நாற்று போடுகிறோம். இந்த மலையில் காப்பி வந்து இருநூறு வருடம் ஆகிறது, 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. இன்னும் நாற்றுக்குப் பை மாற்று கிடைக்கவில்லை. தமிழ்நாட்டுத் தடையில் நாற்றங்கால் பைக்கு விலக்கு உண்டு. ஏன் விலக்கு என்றால் வேறு வழி இல்லை என்பதால். நடும்போது பையைக் கிழித்துப் போடுகிறோம். எவ்வளவு பொறுக்கினாலும் கொஞ்சம் தோட்டத்து மண்ணிலேயே தங்கிவிடுகிறது. கவாத்துக்குப் போகும்போதெல்லாம் கறுப்புத் துண்டு காலில் மிதிபடும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தம்பி, உங்கள் பொருளின் குறையே எங்களுக்கு வேண்டியது. ஈரத்தில் இளகிக் கரைய வேண்டும். ஆனால் எப்போது கரைய வேண்டும் என்பதுதான் கணக்கு. காப்பி நாற்று பையில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும், தினம் தண்ணீர். தட்டுக்குப் பதில் நாற்றுக் கிண்ணம் செய்தாலும் உங்கள் மாவு அவ்வளவு நாள் தாங்காது, காப்பிக்கு வேண்டாம். கீழே தலைவாசல், ஆத்தூர் பக்கம் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று குழித்தட்டில் 25 முதல் 35 நாள்தான். நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுகிறது, இரண்டு மூன்று நாள் வாடி நிற்கிறது. கிண்ணத்தோடு அப்படியே குழியில் வைத்துவிட்டால்?

பந்தியை விடுங்கள். நாற்றைப் பாருங்கள்.


கஞ்சிமாவு | திங்கள், இரவு 8.45

நல்ல திசை. ஆனால் இரண்டு ஆபத்து இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மாவு என்றால் எறும்பும் எலியும் பூஞ்சையும் தேடி வரும். ஈரமான நிழல்வலைக்குள் இன்னும் வேகமாக வரும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. மாவும் நாரும் மண்ணில் மட்கும்போது நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றுக்குத் தழைச்சத்து வேண்டும். பக்கத்தில் இருக்கிற மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேரைச் சுற்றியே கிண்ணம் மட்கினால் நாற்று மஞ்சளடிக்கும். விவசாயி "உன் கிண்ணம் செடியைக் கெடுத்துட்டது" என்பார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். பச்சை மரத்தூளை உரமென்று போட்டுச் செடி வெளுத்த அனுபவம் பலருக்கும் உண்டு. அதனால் கலவையிலேயே வேப்பம்புண்ணாக்குத் தூள் சேர்த்துப் பாருங்கள். தழைச்சத்தும் கிடைக்கும், பூச்சியும் தயங்கும். எவ்வளவு என்பதை நாற்று வளர்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இழுவிசைப் பொறியில் வைத்து இழுத்துப் பார்த்தால் தெரியாது.


ரெண்டாம் தலைமுறை | செவ்வாய், இரவு 9.10

இரண்டு நாளாக இதைப் படித்துக்கொண்டு யோசித்தேன். என் முதல் பதில் கொஞ்சம் கறாராகப் போய்விட்டது. சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான்.

நம்ம தொழிலே எப்படி வந்தது? ஜவ்வரிசி முதலில் தென்கிழக்காசியாவில் சேகோ பனை மரத்துச் சோற்றிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942ல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனதும் இறக்குமதி நின்றது. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இருந்து வந்த, மாவு எடுக்கத் தெரிந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து 1943ல் மரவள்ளியில் செய்யத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் எல்லாம் கைவேலை. துணித் தூளியில் ஈரமாவைப் போட்டு ஆட்டி உருட்டி, சாதாரண வாணலியில் வறுத்தார்கள். ஒரு நாளைக்கு 100 கிலோ மூட்டை இரண்டு. இதோடு நின்றிருந்தால் போர் முடிந்ததும் தொழிலும் முடிந்திருக்கும். வெங்கடாசலக் கவுண்டர் என்கிற மெக்கானிக் உள்ளே வந்து இயந்திரத்தையும் முறையையும் திருத்திய பின் 25 மூட்டை ஆனது.

எங்கள் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது செட்டியாரைப் பற்றி ஒரு வரி, கவுண்டரைப் பற்றிப் பத்து வரி சொல்வார். மாவு எடுக்கத் தெரிந்தவரும் இருந்தார், முதலும் இருந்தது. நடுவில் பட்டறைக்காரர் வந்த பிறகுதான் ஊர் முழுக்கப் பரவியது.

தம்பி, உங்கள் தட்டு நல்ல தட்டு. அச்சு யார் செய்தார்கள்?


அடிவாரத்தான் | செவ்வாய், இரவு 9.25

கல்லூரியில் இருக்கிற ஹைட்ராலிக் பிரஸ். வெளிநாட்டுப் பொறி. ஒரு நேரத்தில் ஒரு தட்டு. அச்சு மட்டும் வெளியூரில் கொடுத்துச் செய்தது.


ரெண்டாம் தலைமுறை | செவ்வாய், இரவு 9.31

அதுதான். நான் கையில் பிடித்துப் பார்த்தது தட்டை. அதைச் செய்யும் பொறியை எந்த மில்லுக்காரனும் பார்க்கவில்லை. பழுதானால் யார் பார்ப்பார், உதிரி எங்கே கிடைக்கும் என்று தெரியாத பொறியை நாங்கள் வாங்க மாட்டோம். ராஸ்ப்பர் பல் தேய்ந்தால் அரை மணியில் போட்டுக் கொடுக்கிற பட்டறை ஆத்தூர் சாலை முழுக்க இருக்கிறது. அதனால்தான் ராஸ்ப்பர் இருக்கிறது.


லேத்துமணி | புதன், காலை 6.50

அம்மாபேட்டையில் லேத் பட்டறை. மேலே சொன்ன ராஸ்ப்பர் பல் போடுகிற ஆள்களில் நானும் ஒருவன்.

பாக்குமட்டை அச்சு நிறைய செய்து கொடுத்திருக்கிறேன். அதே சட்டத்தில் இதையும் செய்யலாம், ஆனால் அச்சு அப்படியே ஆகாது. மட்டையில் தண்ணீர் கொஞ்சம்தான். உங்கள் கரைசலில் பாதிக்கு மேல் தண்ணீர். அவ்வளவும் 200 டிகிரியில் ஆவியாகும்போது வெளியே போக வழி வேண்டும். இறுக மூடினால் தட்டு வெடிக்கும், மூடியே தூக்கி அடிக்கும். விளிம்பைச் சுற்றி மெல்லிய ஆவித்தடம் வெட்ட வேண்டும். அகலமானால் கரைசல் வழியும், குறுகினால் அடைத்துக்கொள்ளும். கொலுசுக்கு டை வெட்டுகிற ஆள் ஒருவர் பள்ளப்பட்டியில் இருக்கிறார். மயிரிழை வேலை அவருக்குக் கை வந்தது, அவரிடம் கொடுக்கலாம்.

ஹீட்டர், சூடு அளக்கிற தெர்மோகப்பிள் எல்லாம் இங்கேயே கிடைக்கும். ஒரு சந்தேகம்: அச்சில் ஒட்டுமா?


அடிவாரத்தான் | புதன், காலை 7.20

அண்ணா, ஒட்டும். ஒட்டாமல் இருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் கொஞ்சம் சேர்ப்போம், அதோடு கொத்தவரைப் பிசின். பிசின் சேர்த்தால் திப்பி அடியில் தங்காமல் கரைசலில் நிற்கும். ஆவித்தடத்தின் அளவைப் பற்றி எங்கள் கூடத்தில் யாருமே பேசியதில்லை. எங்கள் அச்சு வெளியூரிலிருந்து வரும்போதே அப்படி வந்தது. விரிசல் விட்ட தட்டுகளையெல்லாம் மாவின் குறை என்று நினைத்து நான் நான்கு மாதம் கலவையை மாற்றிக்கொண்டிருந்தேன்.


கிழங்குக்காடு | புதன், இரவு 8.00

நாற்றுக்குன்னா எனக்குச் சம்மதம் கண்ணு. நாற்றுக்கிண்ணத்துக்கு எவ்வளவு திப்பி போயிடும்? மாட்டுக்கும் மிஞ்சும். மழையில நனைஞ்சு புளிச்ச திப்பியை மாடு மோந்துகூடப் பார்க்காது. அதை எடுத்துக்க, யாரும் கேக்க மாட்டோம்.

இன்னொண்ணு கேக்கலாமா? நீ படிச்ச புள்ள. மில்லுல கிழங்குல எவ்வளவு மாவு இருக்குன்னு பாயிண்ட் பாக்கறாங்க. பாயிண்டுக்கு இவ்வளவுன்னு விலை. போன வருசம் ஒரே காட்டுக் கிழங்கு, ஒரே நாள், ரெண்டு மில்லுல ரெண்டு பாயிண்ட். நாங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். லாரி வாடகை ஏறிக்கிட்டே இருக்கும், திருப்பிக்கிட்டும் வர முடியாது. நாங்களே காட்டுல பாத்துக்கற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமா? எனக்குத் தட்டை விட இதுதான் வேணும்.


அடிவாரத்தான் | புதன், இரவு 11.40

அம்மா, முடியும். புதுப் பொறிகூட வேண்டாம்.

மாவு கூடின கிழங்கு கனமானது. தண்ணீருக்குள் எடை போட்டால் அது தெரிந்துவிடும். மண் போகக் கழுவின கிழங்கு 5 கிலோ எடுங்கள். ஒரு கம்பிக்கூடையில் போட்டு, தொங்கும் தராசில் மாட்டி, அண்டாத் தண்ணீரில் கூடை முழுக்க மூழ்கி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் நிற்கும்படி விட்டு எடை பாருங்கள். வெறும் கூடை தண்ணீருக்குள் காட்டும் எடையை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 600 கிராம் என்றால், 5 கிலோவை 4.4ஆல் வகுக்க 1.136. மாவு குறைந்த கிழங்கு 400 கிராம் காட்டும், 5ஐ 4.6ஆல் வகுக்க 1.087. இந்த எண் ஏற ஏற மாவு கூடுதல். கிழங்கு அழுகியிருந்தாலோ மண் ஒட்டியிருந்தாலோ கணக்கு தப்பும். காட்டின் நாலு மூலையிலும் எடுத்துப் பாருங்கள்.

மில்லில் பாயிண்ட் பார்ப்பதும் இதே தத்துவமா என்று ரெண்டாம் தலைமுறை அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும். உங்கள் எண்ணும் மில் பாயிண்டும் எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு அட்டை போட்டுவிடலாம்.


ரெண்டாம் தலைமுறை | வியாழன், காலை 8.05

எங்கள் மில்லில் இதே தத்துவம்தான். தராசுதான் வேறு.

அம்மாவுக்கு நேராகவே சொல்கிறேன். பாயிண்டில் ஏமாற்றுகிற மில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கழுவாத கிழங்கைக் கொண்டுவந்து சண்டை போடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேர் கையிலும் ஒரே அளவு இருந்தால் எனக்கும் நிம்மதி. அட்டை போடும் நாளில் எங்கள் தராசைத் தருகிறேன். ஒரே கிழங்கை இரண்டிலும் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறு மில்லுக்காரர்கள் என்னைத் திட்டினால் திட்டட்டும்.

தம்பி, லேத்துமணி அண்ணன் அச்சு முடித்ததும் எங்கள் மில்லுக்குக் கொண்டுவாருங்கள். வறுவல் கூடத்துக்குப் பக்கத்தில் எரிவாயுச் சூடு வீணாகப் போகிற ஓர் இடம் இருக்கிறது. திப்பியை அங்கே காயவைத்துப் பார்க்கலாம், களம் வேண்டாம். என் ஆள்களில் யாரையும் தர முடியாது, சீசன். இடமும் சூடும் தருகிறேன்.


ஏற்காடு நாற்றங்கால் | வியாழன், மதியம் 2.15

கிண்ணம் வந்ததும் முதல் நூறு எனக்கு. தக்காளி விதை நான் போடுகிறேன். பக்கத்திலேயே நூறு சாதாரணக் குழித்தட்டிலும் போடுவேன், ஒரே நாள், ஒரே மண். மஞ்சளடித்தால் படம் எடுத்து இங்கேயே போடுவேன். நன்றாக வந்தாலும் போடுவேன்.


லேத்துமணி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.00

அச்சு இன்றைக்கு மில்லுக்குப் போனது. முதல் ஊற்றில் மூடி தூக்கி அடித்தது, யாருக்கும் அடியில்லை. ஆவித்தடம் போதவில்லை. அங்கேயே அரம் போட்டு விளிம்பில் இன்னும் நாலு தடம் அகட்டினோம். அடுத்தது முழுசாக வந்தது. மொத்தம் 31 கிண்ணம், அதில் 9 விரிசல். தம்பி விரிசல் விட்டதையும் எண் போட்டு எடுத்து வைத்திருக்கிறார்.

ஒரு பக்கம் மட்டும் சிவந்து வேகிறது, ஹீட்டரை நடுவுக்கு மாற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் மாற்றிவிடுவேன்.


கிழங்குக்காடு | அதே ஞாயிறு, இரவு 9.40

நானும் போயிருந்தேன். கூடையும் அண்டாவும் எடுத்துக்கிட்டுப் போனேன். எங்க காட்டுக் கிழங்கு 5 கிலோ, தண்ணிக்குள்ள 570 கிராம். மில் தராசுல போட்ட பாயிண்டைப் பக்கத்துல எழுதியாச்சு. இன்னும் எட்டுக் காட்டுக் கிழங்கு வேணுமாம் அட்டைக்கு. வீரகனூர், தெடாவூர்ப் பக்கம் யாராச்சும் இந்த வாரம் தோண்டறீங்களா? நாலு மூலையிலயும் ஒவ்வொரு செடி புடுங்கிக் கழுவி வெச்சா, நான் கூடையோட வந்துடறேன்.